எலும்பு வரை இறங்கும் அமிலம்: தண்ணீர் மட்டும் போதுமா?

வேலையிடப் பாதுகாப்பு என்பது பெரிய தலைப்பு. அதில் ஒரே ஓர் அமிலத்தைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். அதன் பெயர் ஹைட்ரோபுளோரிக் அமிலம்.

அமிலம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. பேராக் தோட்டப்புறங்களில் ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றியவர்கள் நம் தாத்தா பாட்டிமார். கையில் பட்டால் சுரீர் என்று எரியும். உடனே தண்ணீரில் கழுவுவார்கள். நல்ல பழக்கம். ஆனால் கமுந்திங் தொழிற்பேட்டையிலும், கார் பட்டறைகளிலும், கூலிம், பினாங்கு ஆலைகளிலும் வேலை செய்யும் இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் பாதிதான்.

கண்ணாடியையே அரிக்கக்கூடியது இந்த அமிலம். கணினிச் சில்லு செய்யும் ஆலைகளில் சிலிக்கான் தகடுகளை அரித்துச் சுத்தம் செய்யப் பயன்படுகிறது. துரு நீக்கும் திரவங்கள், கார் ரிம் கழுவும் திரவங்கள், ஏர்கோன் சுத்தம் செய்யும் திரவங்கள் சிலவற்றிலும் இது கலந்திருக்கிறது.

மற்ற அமிலங்கள் தோலைச் சுடும். காயம் கண்ணுக்குத் தெரியும். இதுவோ தோலைக் கடந்து உள்ளே போகிறது. இதிலுள்ள புளோரைடு, உடலின் சுண்ணாம்புச் சத்தான கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கிறது. சதை அழுகும், எலும்பு அரிக்கும். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். செறிவான அமிலம் விரல்களோடு சேர்ந்த ஓர் உள்ளங்கை அளவு, அதாவது உடல் பரப்பில் சுமார் 1 விழுக்காடு, பட்டாலே உயிருக்கு ஆபத்து.

இதைவிட மோசமானது இதன் தாமதம். 50 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள அமிலம் பட்டால் உடனே வலிக்கும். 20 முதல் 50 விழுக்காடு என்றால் வலி வர 8 மணி நேரம் வரை ஆகலாம். அதற்கும் குறைவென்றால் 24 மணி நேரம்கூட ஆகலாம். பகலில் ரிம் கழுவியவருக்கு நள்ளிரவில் நகக்கண் தெறிப்பது போல் வலிக்கும். தோலைப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். இங்கேதான் விபரீதம் தொடங்குகிறது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? அமிலம் பட்ட உடையையும் நகைகளையும் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் உடனே கழுவுங்கள். உதவி செய்பவர் கையுறை அணிந்திருக்க வேண்டும். 2.5 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைவசம் இருந்தால், 5 நிமிடம் கழுவியதும் அதைத் தேய்த்துக்கொண்டே இருங்கள். களிம்பு இல்லையென்றால் குறைந்தது 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்கு விரையுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீர் மட்டுமே, களிம்பு கூடாது. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சுண்ணாம்புச் சத்து என்றேன் என்பதற்காக வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவிவிடாதீர்கள். அதுவே தோலைப் புண்ணாக்கும். பற்பசை, கிச்சாப்பும் வேண்டாம்.

மருத்துவமனையில் களிம்பைக் கையுறைக்குள் நிரப்பி, விரல்களை அதற்குள் வைப்பார்கள். வலி அடங்காவிட்டால் கால்சியம் குளுக்கோனேட்டை ஊசியாகத் தோலடியிலோ இரத்தக் குழாயிலோ செலுத்துவார்கள். இதயத் துடிப்பையும் இரத்தத்தில் உள்ள கால்சியத்தையும் கண்காணிப்பார்கள். வலி குறைகிறதா என்பதுதான் மருத்துவருக்கு அளவுகோல். அதனால்தான் மாத்திரையால் வலியை மறைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது தவறு. தயாரான களிம்பு இல்லாத கிளினிக்கும் கைவிரிக்க வேண்டியதில்லை. 10 விழுக்காடு ஊசி மருந்து 1 பங்கு, நீரில் கரையும் மருத்துவ ஜெல்லி 3 பங்கு கலந்தால் அதே களிம்புதான்.

எத்தனை பெரிய நாடானாலும் அசட்டைக்கு மன்னிப்பில்லை. தென் கொரியாவின் குமி நகரில் 2012 செப்டம்பர் 27ஆம் தேதி, ஓர் ஆலையில் ஏறக்குறைய 8 டன் ஹைட்ரஜன் புளோரைடு கசிந்தது. தண்ணீரில் கரைந்தால் நாம் பேசும் அமிலமாகும் வாயு அது. 5 பேர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். சுற்றுவட்டாரப் பயிர்கள் கருகின.

நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி தொழிலாளியைக் காப்பது முதலாளியின் கடமை. அபாய இரசாயனங்களுக்கு லேபிளும் பாதுகாப்பு விவரத் தாளும் வேண்டும் என்கின்றன 2013ஆம் ஆண்டு விதிமுறைகள். அந்தத் தாளின் 4ஆம் பகுதி முதலுதவி. வேலையைத் தொடங்கும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "களிம்பு எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். மெல்லிய கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள்.

சூப்பர்வைசர் திட்டுவாரே என்று பயந்து காயத்தை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. திட்டு ஒரு நாளில் மறந்துபோகும்; போன விரல் திரும்ப வராது. கமுந்திங்கில் இருப்பவர்களுக்குத் தைப்பிங் மருத்துவமனை பக்கம்தான். போகும்போது போத்தலின் லேபிளைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். மருத்துவரிடம் "அசிட் பட்டுவிட்டது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அமிலத்தின் பெயரைச் சொல்லுங்கள். பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. அவசரத்துக்கு 999.

இந்தப் பக்கத்தை வெட்டி, பட்டறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.