டைமிங் செயின் சத்தமும் பழுதுபார்க்கும் முடிவும்

டைமிங் செயின் என்பது நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டின் சுழற்சியைக் கேம் தண்டுக்குக் கொண்டுசெல்லும் உலோகச் சங்கிலி ஆகும். வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்ற ஒழுங்கை இச்சங்கிலியே காக்கிறது. இது தளரும்போது எஞ்சினின் ஒரு பக்கத்திலிருந்து 'சளசள' என்றோ 'கடகட' என்றோ சத்தம் எழும். அச்சத்தம் கேட்டதும் எஞ்சினைப் பிரிப்பதா, இன்னும் சில காலம் ஓட்டுவதா என்பதை எவ்வாறு முடிவுசெய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செயல்படும் முறை

மிதிவண்டிச் சங்கிலியை அறிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. கிராங்க் தண்டில் ஒரு சிறிய பற்சக்கரமும், கேம் தண்டில் அதைப்போல் இருமடங்கு பற்கள் கொண்ட சக்கரமும் இருக்கும். எனவே கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்றும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் கேம் 1500 சுற்றுச் சுற்றும். அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும்.

சங்கிலி தளராமல் இருக்க டென்ஷனர் என்னும் பகுதி அதை அழுத்திப் பிடிக்கிறது. பல கார்களில் இது எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும். பல பைக்குகளில் ஸ்பிரிங்கால் இயங்கும். சங்கிலி ஆடாமல் வழிகாட்டும் பட்டைகள் கைடு எனப்படுகின்றன.

இந்திய வண்டிகளில்

எல்லா எஞ்சினிலும் டைமிங் செயின் இருப்பதில்லை. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டில் பற்சக்கரங்களும் நீண்ட தள்ளுகம்பிகளும் வால்வை இயக்கின. மாருதி 800, முதல் தலைமுறை சான்ட்ரோ ஆகிய கார்களில் ரப்பர் பெல்ட் இருந்தது. ஸ்ப்ளெண்டர், பல்சர் போன்ற பைக்குகளிலும், 2008 முதல் வந்த மாருதியின் கே வரிசை எஞ்சின்களிலும், ஸ்விஃப்ட், டிசையர் டீசல் கார்களில் இருந்த ஃபியட் வடிவமைப்பிலான 1.3 லிட்டர் எஞ்சினிலும் செயின் உள்ளது. மாருதி 2020இல் டீசல் கார்களை நிறுத்திவிட்டாலும், அவற்றுள் பல இன்றும் வாடகை வண்டிகளாக ஓடுகின்றன. ஆகவே இச்சத்தம் பலரது பிழைப்போடு தொடர்புடையது.

சத்தம் ஏன் வருகிறது?

சங்கிலி 'இழுபட்டு நீண்டுவிட்டது' என்று சொல்வது வழக்கம். உண்மையில் எஃகுப் பட்டைகள் இழுபடுவதில்லை. அவற்றை இணைக்கும் ஊசிகள் தேய்கின்றன. 120 மூட்டுகள் உள்ள சங்கிலியில் ஒவ்வொரு மூட்டும் 0.02 மி.மீ. தேய்ந்தால், மொத்தம் 2.4 மி.மீ. நீளம் கூடும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் இப்படித்தான் காதுக்குக் கேட்கும் சத்தமாகிறது.

இத்தேய்மானத்தை விரைவுபடுத்துவது பெரும்பாலும் ஆயில்தான். ஆயில் குறைந்தாலோ, காலம் கடந்து அழுக்கேறினாலோ டென்ஷனரின் அழுத்தம் குறையும். ஊசிகளுக்கிடையே புகும் கரித்துகள் அரம் போல அராவும். எஞ்சின் நன்கு சூடாவதற்குள் நிறுத்தப்படும் குறுந்தூர ஓட்டங்களும் ஆயிலைக் கெடுக்கும். விடியற்காலையில் சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு வந்து திரும்பும் வண்டி, பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய்வரும் வண்டி ஆகியவற்றில், மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் குறித்த மாதத்தில் ஆயில் மாற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

வேறு சத்தங்களிலிருந்து பிரித்தறிதல்

எஞ்சினில் எழும் எல்லாச் சத்தமும் செயின் சத்தம் ஆகாது.

1. டாப்பெட் சத்தம்: எஞ்சினின் மேற்பகுதியில் தையல் இயந்திரம் போலச் சீராக 'டிக் டிக்' எனக் கேட்கும். இடைவெளியைச் சரிசெய்தால் பெரும்பாலும் அடங்கும்.
2. பிஸ்டன் சத்தம்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேட்டு, சூடானபின் குறையும்.
3. கனெக்டிங் ராடு சத்தம்: கீழ்ப்பகுதியில் கனமாக 'டொக் டொக்' எனக் கேட்கும், பாரம் ஏறும்போது கூடும். இது கேட்டால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும்.
4. வெளிப் பெல்ட் சத்தம்: கீச்சிடும். அந்தப் பெல்ட்டைக் கழற்றிச் சில நொடிகள் மட்டும் எஞ்சினை ஓட்டினால் மறைந்துவிடும்.
5. செயின் சத்தம்: செயின் மூடி இருக்கும் பக்கத்தில் கேட்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகம் இறங்கும்போது தெளிவாகும்.

நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைச் செயின் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது மெக்கானிக்குகளின் பழைய முறை. சுழலும் பெல்ட், மின்விசிறி ஆகியவற்றின் அருகில் இதைச் செய்யக்கூடாது.

எப்போது காத்திருக்கலாம்?

காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி மட்டும் சத்தம் வந்து அடங்கினால், இரவில் டென்ஷனரிலிருந்து வடிந்த ஆயில் மீண்டும் நிரம்பும் நேரமாக அது இருக்கலாம். முதலில் ஆயில் அளவைப் பார்த்து, தயாரிப்பாளர் கூறிய தரத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். சத்தம் நின்றால் செலவு அத்துடன் முடிந்தது. நிற்காமல் வாரத்துக்கு வாரம் நீண்டால் அது எச்சரிக்கை.

பல பைக்குகளில் டென்ஷனரை வெளியிலிருந்தே கழற்றலாம். அதை மட்டும் முதலில் மாற்றிப் பார்ப்பது நியாயமான சிக்கனம். சில வாரங்களில் சத்தம் திரும்பினால் சங்கிலியே தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

எப்போது தள்ளிப்போடக்கூடாது?

சூடான எஞ்சினிலும் சத்தம் தொடர்வது, இழுவை குறைவது, ஸ்டார்ட் ஆகத் தாமதிப்பது, எஞ்சின் விளக்கு எரிவது ஆகியவை சேர்ந்து வந்தால் வண்டியை ஓட்டக்கூடாது. கார்களில் ஸ்கேனர் காட்டும் பி 0016 என்ற குறியீடு, கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பொருள்படும்.

இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன் மேலே வரும் இடத்துக்குள் திறந்த வால்வும் நீள்கிறது. சங்கிலி சில பற்கள் தாவினாலோ அறுந்தாலோ இரண்டும் மோதும்; வால்வு வளையும், பிஸ்டன் உடையவும் கூடும். இந்நிலையில் உள்ள காரைச் சங்கரன்கோவிலிலிருந்து 50 கி.மீ.க்கும் மேல் உள்ள திருநெல்வேலிக்கு ஓட்டிச்சென்று காட்டுவதைவிட, மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதோ, வண்டியில் ஏற்றி அனுப்புவதோ நல்லது. அதைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கூடாது. ஆயில் அழுத்தம் இல்லாதபோது தளர்ந்த சங்கிலி தாவ வாய்ப்புண்டு.

செலவுக் கணக்கு

முடிவெடுக்க மூன்று தொகைகளை எழுதிக்கொள்ள வேண்டும்: செயின் மாற்றும் செலவு, செயின் தாவினால் வரும் செலவு, வண்டியின் இன்றைய விலை. எடுத்துக்காட்டாக, முதலாவது ரூ. 15,000, இரண்டாவது ரூ. 60,000 எனக் கொள்வோம். தாவும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்றால், காத்திருப்பதன் சராசரி இழப்பு ரூ. 20,000. அது 15,000ஐ விட அதிகம். ஆகவே இப்போதே மாற்றுவது இலாபம். வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால் இழப்பு ரூ. 6,000, கவனித்துக்கொண்டே ஓட்டலாம். வாடகை வண்டியாக இருந்தால் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களின் வருமானத்தையும், வழியில் பயணிகளோடு நின்றுபோகும் ஆபத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நீலப்புகை வந்து, கம்ப்ரஷனும் குறைந்த எஞ்சினுக்குச் செயினை மட்டும் மாற்றுவது வீண்செலவு. அங்கே முழு எஞ்சின் வேலையா, விற்பதா என்பதே கேள்வி. விற்பதானால் குறையைச் சொல்லி விற்பதே முறை.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

காரில் மூடியைத் திறக்கும் கூலியே பெரிய பங்கு. எனவே செயின், டென்ஷனர், கைடுகள், பற்சக்கரங்கள் ஆகியவற்றைச் சேர்த்து மாற்றுவது சிறந்தது. தேய்ந்த பற்சக்கரத்தில் பூட்டிய புதுச் சங்கிலி விரைவில் தேயும். டைமிங் குறிகளைப் பொருத்தியபின் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது உரிமையாளரின் உரிமை.

பழைய வண்டி வாங்குவோருக்கு

கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தைத் தற்காலிகமாக அடக்க முடியும். சூடான எஞ்சினும் சில சத்தங்களை மறைக்கும். ஆகவே வண்டியை முன்கூட்டியே ஓட்டி வைக்கவேண்டாம் எனக் கேட்டுக்கொண்டு, காலையில் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்த நிலையில் தாமே ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும். ஆயில் மாற்றிய ரசீதுகள் உள்ள வண்டியை, மீட்டரில் கிலோமீட்டர் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், ரசீது இல்லாத வண்டியைவிட நம்பி வாங்கலாம்.