மடிக்கணினி நிரம்பிவிட்டதா? இடம் தேடுமுன் கணக்கைக் காப்பாற்றுங்கள்

பேரேடும் கடன் கொப்பியும் இருந்த மேசையில் இன்று மடிக்கணினி இருக்கிறது. மருதமுனையின் கைத்தறிப் புடவை வியாபாரி, கல்முனை பஸாரின் மொத்த வியாபாரி, திருக்கோவிலின் பலசரக்குக் கடைக்காரர் என்று எல்லோருமே கொள்வனவு, விற்பனை, நிலுவை, காசோலைத் திகதி அத்தனையையும் அதற்குள் எழுதி வைக்கிறார்கள். இது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் மூன்று, நான்கு ஆண்டுகள் கழிந்ததும் ஒரு நாள் திரையில் சிவப்புக் கோடு தோன்றுகிறது. சி டிரைவில் இடமில்லை என்கிறது கணினி. பில் அடித்தால் பதிவாகாமல் நின்றுவிடுகிறது. விண்டோஸின் புதிய பதிப்பு ஏற மறுக்கிறது.

அப்போது நம்மில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்பது ஒன்று. கணினிக் கடைக்கு எடுத்துச் சென்று, "தம்பி, இது சரியான ஸ்லோ, போமட் பண்ணித் தாங்க" என்று கொடுத்துவிட்டு வருவது மற்றொன்று. இரண்டிலும் இடம் கிடைக்கும். ஆனால் ஐந்து வருடக் கணக்கு போய்விட்டால் அந்த இடத்தால் என்ன பயன்? ஆகவே இடத்தை மீட்பது எப்படி என்பதையும், அதற்கு முன் செய்ய வேண்டியது என்ன என்பதையும் இவ்வாரம் பார்ப்போம்.

இடத்தைப் பிடிப்பது எது?

முதலில் ஓர் உண்மையை மனதில் வையுங்கள். இடத்தை அடைப்பது உங்கள் கணக்கு அல்ல. ஒரு நடுத்தரக் கடையின் பல ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் சில நூறு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் கைத்தொலைபேசியில் எடுத்த எச்டி வீடியோ ஒரு நிமிடத்துக்கே 60 முதல் 130 மெகாபைட் வரை வரும். ஒரு கல்யாண வீட்டு வீடியோத் தொகுப்பு, உங்கள் கடையின் முழு வரலாற்றையும் விடப் பல மடங்கு பெரியது. ஆகவே இடத்துக்காகக் கணக்குக் கோப்பில் கைவைப்பது, அரிசி மூட்டையைச் சுமக்க முடியாமல் சட்டைப் பையிலிருந்த பணத்தை எறிவதற்கு ஒப்பானது.

இன்னொன்று. 256 ஜிகாபைட் என்று வாங்கிய கணினி 238 என்று காட்டுகிறதே, விற்றவர் ஏமாற்றிவிட்டாரா என்று சிலர் கேட்பதுண்டு. அப்படியல்ல. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. வித்தியாசம் அதனால் வருவதுதான். அந்த 238 இலும் விண்டோஸும் அதன் மென்பொருட்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் உங்களுக்கு. அதில் ஐந்தில் ஒரு பங்கையாவது எப்போதும் வெறுமையாக வைத்திருப்பது நல்ல பழக்கம்.

முதல் வேலை பிரதி எடுப்பது

அழிக்கத் தொடங்குமுன், கணக்கு, காசோலை விபரம், வங்கிக் கூற்றுக்கள், வரிப் பத்திரங்கள் ஆகியவற்றை வெளியே எடுக்கக்கூடிய வன்தட்டு ஒன்றில் பிரதி செய்யுங்கள். இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. டாலி, குவிக்புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருட்களோ, உள்ளூரில் செய்த பில்லிங் மென்பொருளோ எதுவாக இருந்தாலும் அதற்குள்ளேயே 'பெக்கப்' என்றொரு கட்டளை இருக்கும். அதைத்தான் பயன்படுத்த வேண்டும். மென்பொருள் திறந்திருக்கும் நிலையில் கோப்புறையை இழுத்து வேறிடத்தில் போட்டால், அந்தப் பிரதி அரைகுறையாக இருக்கலாம். அது வெளியில் தெரியாது. தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

எடுத்த பிரதியை இன்னொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். கடைசியாக அடித்த பில் அதில் இருக்கிறதா, ஒரு வாடிக்கையாளரின் நிலுவை சரியாக வருகிறதா என்று சரிபாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பி எதையும் அழிக்காதீர்கள். அத்துடன் மாதத்துக்கு ஒரு முறை கடன் நிலுவைப் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்தால் இன்னும் நல்லது.

இது பெரிய நிறுவனங்களுக்குத்தான் என்று எண்ண வேண்டாம். பெரிய இடங்களே இதில் தவறியிருக்கின்றன. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் முகில் கணினித் தொகுதி, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகளை மீட்க முடியவில்லை. காரணம், அந்தக் காலப் பகுதிக்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை. அமைச்சுக்களும் அரச அலுவலகங்களும் பயன்படுத்திய தொகுதிக்கே இந்த நிலை என்றால், ஒற்றை மடிக்கணினியை நம்பியிருக்கும் கடைக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

எதை அழிக்கலாம்?

அழிப்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. கணினியோ இன்டர்நெட்டோ மீண்டும் தரக்கூடியதை அழிக்கலாம். உங்களைத் தவிர வேறு எவரும் மீண்டும் தர முடியாததை அழிக்கக் கூடாது. இந்த அளவுகோலோடு கீழ்க்கண்ட ஒழுங்கில் செல்லுங்கள்.

முதலாவது, தற்காலிகக் கோப்புகள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'செட்டிங்ஸ்' திறந்து, 'சிஸ்டம்', அதனுள் 'ஸ்டோரேஜ்' என்ற இடத்துக்குச் செல்லுங்கள். எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று அங்கே பட்டியல் வரும். 'டெம்பரரி பைல்ஸ்' என்பதைத் திறந்தால், பழைய அப்டேட்டுகளின் மிச்சம், இணைய உலாவியின் குப்பை, படங்களின் சிறு மாதிரிகள் என்று பல வரும். இவற்றை அழிப்பதால் நட்டமில்லை. தேவையானதை விண்டோஸ் தானே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும்.

ஆனால் அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கிறது. அதற்கு அருகில் சரி அடையாளம் போட்டுவிடாதீர்கள். வங்கி அனுப்பிய கூற்று, கொழும்பு மொத்த வியாபாரி மின்னஞ்சலில் அனுப்பிய விலைப்பட்டியல், வரி ரசீது எல்லாம் இறங்கிக் கிடப்பது அங்கேதான். அந்தக் கோப்புறையை நீங்களே திறந்து, அளவின்படி வரிசைப்படுத்தி, பெரியதிலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன்னர் நிறுவிய மென்பொருட்களின் மூலக் கோப்புகள், சினிமாக்கள் போன்றவை மேலே வரும். அவற்றை நீக்கினாலே பெரும்பாலும் பல ஜிகாபைட் கிடைத்துவிடும்.

இரண்டாவது, பழைய விண்டோஸ். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு முடிந்ததால் பலர் 11 க்கு மாறியிருக்கிறார்கள். அப்படி மாறும்போது பழைய விண்டோஸ் முழுவதும் ஒரு மூலையில் பத்து நாட்கள் வரை காத்துக் கிடக்கும். அது பத்து, இருபது ஜிகாபைட் இருக்கலாம். புதியதில் உங்கள் கணக்கு மென்பொருளும் பிரின்டரும் ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்த பின்னரே அதை நீக்குங்கள். நீக்கிய பின் பழையதற்குத் திரும்ப முடியாது.

மூன்றாவது, பாவிக்காத மென்பொருட்களும் பிள்ளைகளின் விளையாட்டுக்களும். 'செட்டிங்ஸ்' இல் 'அப்ஸ்' பகுதிக்குச் சென்று முறைப்படி நீக்க வேண்டும். சி டிரைவுக்குள் புகுந்து கோப்புறையை நேரடியாக அழிக்கக் கூடாது.

நான்காவது, வாட்ஸ்அப்பில் வந்து குவியும் வீடியோக்கள். படங்களும் வீடியோக்களும் தானாக இறங்கும் வசதியை வாட்ஸ்அப்பிலேயே நிறுத்தி வைக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் அனுப்பிய வங்கி வைப்புச் சீட்டுப் படமும் ஓடரும் அதே குவியலில்தான் இருக்கும். அவற்றைத் தனிக் கோப்புறையில், ஆண்டும் மாதமும் எழுதி, எடுத்து வைத்த பின் மிச்சத்தை அழியுங்கள்.

எதில் கைவைக்கக் கூடாது?

பெயர் தெரியாத கோப்புறை என்றால் வேண்டாத கோப்புறை என்று அர்த்தமல்ல. கணக்கு மென்பொருட்கள் பல, தமது தரவைச் சி டிரைவுக்குள் எவரும் வழமையாகப் பார்க்காத இடத்தில் வைக்கின்றன. டாலிபிரைம் வழமையாக 'யூசர்ஸ்' என்பதனுள் 'பப்ளிக்' என்ற கோப்புறையில் வைக்கிறது. குவிக்புக்ஸும் அவ்வாறே. "பப்ளிக் தானே, பொதுவான ஏதோ ஒன்று" என்று அழித்தால் கடையின் கணக்கு முழுவதும் போய்விடும். உங்கள் மென்பொருள் எங்கே தரவை வைக்கிறது என்று அதை நிறுவியவரிடம் கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள்.

அழிந்தால் கணினிக் கடையில் மீட்டுத் தருவார்கள் என்ற நம்பிக்கையும் இப்போது சரிவராது. சுழலும் பழைய வன்தட்டுகளில் அழித்த கோப்பை மீட்க ஓரளவு வாய்ப்பு இருந்தது. இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது எஸ்எஸ்டி. அதில் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டால், அழித்த இடத்தை அது தானே துடைத்துத் துப்புரவாக்கிவிடும். அதன்பின் மீட்பது அநேகமாக நடக்காத காரியம். ஆகவே ரீசைக்கிள் பின்னை உடனே காலி செய்யாமல் ஒரு வாரம் விட்டு வையுங்கள்.

இதில் சட்டமும் சம்பந்தப்படுகிறது. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, வரி செலுத்துபவர் தனது பதிவேடுகளை ஆகக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பேணி வைத்திருக்க வேண்டும். கணினி நிரம்பியதால் அழித்துவிட்டோம் என்பது இறைவரித் திணைக்களத்தில் எடுபடும் பதிலல்ல. ஸகாத் கணக்குப் பார்க்கவும், சகோதரர்களுக்கிடையில் பங்கு பிரிக்கவும் அதே பதிவேடுதான் ஆதாரம்.

பலர் விழும் இரண்டு குழிகள்

சி டிரைவ் நிரம்பியிருக்கும், டி டிரைவ் வெறுமையாக இருக்கும். அப்போது படங்களையும் வீடியோக்களையும் டி க்கு மாற்றுவது சரியான வழிதான். ஆனால் கணக்கை டி யில் போட்டுவிட்டு 'பிரதி இருக்கிறது' என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் சி யும் டி யும் ஒரே தட்டின் இரண்டு அறைகள். தட்டு பழுதானால் இரண்டும் போகும், கணினி திருட்டுப் போனாலும் இரண்டும் போகும்.

இரண்டாவது குழி ஒன்டிரைவ். புதிய விண்டோஸ் கணினிகளில் டெஸ்க்டொப்பும் டொகியுமென்ட்ஸும் பல வேளைகளில் ஒன்டிரைவுடன் இணைந்தே இருக்கும். 'இன்டர்நெட்டில் ஒரு பிரதி இருக்கிறதே' என்று கணினியில் இருப்பதை அழித்தால், அங்கேயும் அது அழிந்துவிடும். இடம் மட்டும் வேண்டுமென்றால் கோப்பின் மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி 'ப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். கோப்பு இணையத்தில் பத்திரமாக இருக்க, கணினியில் இடம் விடுபடும். இலவசமாகக் கிடைப்பது ஒன்டிரைவில் 5 ஜிகாபைட், கூகுளில் மின்னஞ்சலையும் படங்களையும் சேர்த்து 15 ஜிகாபைட். வீடியோக்களுக்கு இது போதாது. கணக்குக்குத் தாராளமாகப் போதும்.

கடற்கரையை விட்டு ஒரு பிரதி

நமது கடைகளில் பல, கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பவை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. அந்த இழப்புக்கு முன்னால் எந்தக் கணக்கும் பெரிதல்ல. ஆனால் எஞ்சியவர்கள் மீண்டும் தொழிலைத் தொடங்க எழுந்தபோது, யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ஏடு இல்லாமல் போனால் அது இரண்டாவது அடி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் நாட்டின் பல ஊர்களில் கடைகளுக்குள் புகுந்தது.

ஆகவே பிரதி எடுத்த வன்தட்டை மடிக்கணினிப் பையிலேயே வைப்பதில் பயனில்லை. ஒரு பிரதி கடையில், இன்னொன்று சம்மாந்துறையிலோ அம்பாறையிலோ கண்டியிலோ இருக்கும் நம்பிக்கையான உறவினர் வீட்டில், மூன்றாவது இணையத்தில் என்று பிரித்து வையுங்கள். வாடிக்கையாளரின் விபரம் அதில் இருப்பதால் கடவுச்சொல் போட்டு வையுங்கள். அந்தச் சொல்லை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பின்னும் இடம் போதாவிட்டால் குறை உங்களிடத்தில் அல்ல, தட்டு சிறியது என்றே பொருள். பல மடிக்கணினிகளில் எஸ்எஸ்டியைக் கழற்றிப் பெரிதாகப் போடலாம், கணினியை மாற்றத் தேவையில்லை. கணினிக் கடைக்குக் கொடுப்பதாக இருந்தால், கொடுக்குமுன் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். 'எதையும் அழிக்குமுன் என்னிடம் கேளுங்கள் தம்பி' என்று வாயால் சொல்வதோடு நில்லாமல், வேலைச் சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை கடை பூட்டும் நேரம் கணக்குப் பிரதிக்குப் பத்து நிமிடம், மாதத்தின் முதல் நாள் குப்பை அகற்ற அரை மணித்தியாலம் என்று ஒதுக்கிவிடுங்கள். பிரதியைத் திறந்து பார்த்த பின்னரே குப்பையைத் தொடுங்கள். இந்த ஒழுங்கு மாறாதிருந்தால் போதும்.