ஜரிகையைச் சோதிக்க எந்திரம் உண்டு, கவுன்சலரை?

காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை வாங்குகிறவருக்கு ஜரிகையில் சந்தேகம் வந்தால், எக்ஸ்-கதிர் கருவியில் வைத்துப் பார்த்துவிடலாம். தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதே ஊரில் மனச்சோர்வோடு ஒரு கவுன்சலரிடம் போகிறவர், அவருடைய திறமையை எதை வைத்து எடைபோடுவார்?

பட்டமும் அனுபவமும் போதாதா என்று கேட்கலாம். அமெரிக்காவில் 170 சிகிச்சையாளர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2016-ல் வெளியான ஆய்வில், அனுபவம் கூடியபோது சராசரிப் பலன் கூடவில்லை. மிகச் சிறிய அளவில் குறைந்தது. சிகிச்சையாளரையே கேட்டும் பயனில்லை. 2012-ல் வெளியான இன்னோர் ஆய்வில் 129 மனநலப் பணியாளர்கள் தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டார்கள். சராசரிக்குக் கீழே தன்னை வைத்துக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை.

மிச்சமிருக்கும் வழி, வேலை செய்யும்போதே பார்ப்பது. மனநல மருத்துவர் பிராண்டன் கோர்ட்டும் சகாக்களும் நேபாளத்தில் உருவாக்கிய 'எனாக்ட்' அளவுகோல் இதைத்தான் செய்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியாக நடிப்பார். "தறியில உக்காரவே மனசு வரல. நான் இல்லாம போனா வீட்ல நிம்மதியா இருப்பாங்க" என்று அவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கவுன்சலர் பேச்சை மாற்றுகிறாரா? "இப்படியெல்லாம் பேசலாமா" என்று கடிந்துகொள்கிறாரா? அல்லது, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராக, பதறாமல் கேட்கிறாரா? பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022-ல் தொடங்கிய 'ஈக்விப்' தளத்தில் உள்ள எனாக்ட் வடிவத்தில், தீங்கு செய்யும் நடத்தைக்கென்றே தனி நிலை உண்டு.

கோவாவின் 'சங்கத்' அமைப்பு, மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களை ஆலோசகர்களாகப் பழக்கியது. அவர்கள் ஒருவர் அமர்வின் ஒலிப்பதிவை மற்றவர் கேட்டு மதிப்பிட்டார்கள். நிபுணர்களின் மதிப்பெண்ணோடு அது ஓரளவு ஒத்துப்போனது. இப்படிப்பட்ட ஆலோசகர்கள் நடத்திய சிகிச்சையால் நோயாளிகளின் மனச்சோர்வு குறைந்ததை, 495 பேரிடம் நடத்திய சோதனை 2017-ல் காட்டியது.

காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரிடம் மூன்று இடங்களில் நடந்த 'காப்சி' சோதனையில் இம்மாவட்டமும் ஒன்று. வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களின் கவனிப்பும் ஒரு பிரிவினருக்குக் கிடைத்தது. 2014-ல் வெளியான முடிவில், நோய்க்குறிகளும் அன்றாட முடக்கமும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது தமிழக கிராமப்புறத்தில்தான். திட்டம் ஒன்றே, பலன் இடத்துக்கு இடம் மாறியது.

நீங்கள் பார்க்கப்போகிறவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவெண் உண்டா என்று முதலில் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்: "உங்கள் வேலையை யாராவது மேற்பார்வை செய்கிறார்களா? எனக்குக் குணமாகிறதா என்பதை எப்படி அளப்பீர்கள்?" திறமையானவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.