கண்ணாடிக்குள் அடங்காதவை

சென்னைக் கிண்டியிலுள்ள பாம்புப் பண்ணையைக் காண வருவோர் பலருக்கு முதலில் தோன்றுவது ஏமாற்றமே. விலங்குக் காட்சிசாலையில் புலி உலவும், குரங்கு தாவும். பாம்போ சுருண்டு கிடக்கும். கண்ணாடியைத் தட்டி அதனை எழுப்ப முயல்வோரும் உண்டு. பாம்பிற்குப் புறச்செவி இல்லை. ஆயினும் அதிர்வைத் தாடையெலும்பின் வழியாக உணரும். ஆதலின் அத்தட்டல் அதற்குத் தொல்லையே. ஊர்வன, உடல்வெப்பத்தைச் சூழலிலிருந்தே பெறுவதால் குறைந்த உணவில் வாழவல்லவை. அவை அசையாதிருப்பது சோம்பலன்று, சிக்கனம். பொறுமையோடு நிற்பவரே, பிளவுபட்ட நாக்கு வெளிவந்து காற்றில் மணம் துழாவுவதைக் காண்பர்.

1972ஆம் ஆண்டு ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் கிண்டியில் அமைந்த இப்பண்ணை வேடிக்கைக்கு மட்டும் உரியதன்று. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றை அச்சமின்றி நின்று உற்றுநோக்க இத்தகைய இடமே வாய்ப்பளிக்கிறது. தேனி மாவட்டத்துச் சுருளிப்பட்டி போன்ற ஊர்களில் இவ்வறிவு உயிர்காக்கும். பன்னீர்த் திராட்சை விளையும் அத்தோட்டங்களுக்கு எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வரும்; நல்லபாம்பும் வரும். சாரையை நஞ்சுடையதெனக் கருதி அடித்துக் கொல்பவர், கூலி கேளாத காவலாளியை இழக்கிறார். கண்ணாடிவிரியனை மலைப்பாம்புக் குட்டியென எண்ணி நெருங்குவதோ பெருங்கேடு. விரியனின் முதுகில் சங்கிலி கோத்தாற்போல் நீள்வட்டப் புள்ளிகள் வரிசையாக அமையும். மலைப்பாம்பின் திட்டுகளுக்கு அவ்வொழுங்கு இல்லை.

கடிபட்டவரைக் காப்பது நஞ்சுமுறி மருந்து. கடிவாயைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கையே மிகுவிக்கும். மருத்துவமனைக்கு விரைவதே வழி. பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலில் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து இம்மருந்தைச் செய்கின்றனர். அதற்கான நஞ்சை வழங்குவோருள் முதன்மையானவர் இருளர். பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபின் வாழ்விழந்த அவர்கள், 1978இல் தொடங்கிய தம் கூட்டுறவுச் சங்கத்தின்வழி, வடநெம்மேலி முதலைப் பண்ணையில் பாம்பின் நஞ்சை எடுக்கின்றனர். சில வாரங்களுக்குப்பின் பாம்புகள் காட்டிலேயே விடப்படுகின்றன. பிடித்தவரே விடுவிப்பவராகவும் இருக்கும் இத்தொழில் வியப்பிற்குரியது.

எனினும் எல்லா உயிர்களும் காட்சிக்கு வந்துவிடுவதில்லை. சுருளிப்பட்டிக்கு மேலுள்ள மேகமலையின் ஊர்வனவற்றை ஆராய்ந்தவர் பூபதி என்னும் அறிஞர். அவர் 2014இல் அகத்தியமலையில் மறைந்தார். திருவில்லிபுத்தூர் மலையின் கிழக்குச் சரிவில் கண்டறியப்பட்டு, 2017இல் அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளையினம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. இவ்விரு மலைப்பகுதிகளும் 2021இல் ஒரே புலிகள் காப்பகமாயின. அத்தவளையின் நெருங்கிய உறவினங்கள் வாழ்வது இந்தியப் பெருங்கடலுக்கு அப்பாலுள்ள சீசெல்சு தீவுகளில்! நிலப்பகுதிகள் ஒன்றாயிருந்த பழங்காலத்தின் சான்று அது.

ஊதாத் தவளை இருவாழ்வியே; ஆயினும் வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிக்கும். மழைக்காலத்தில் சில நாள்களே இனப்பெருக்கத்திற்காக வெளிவரும். பாய்ந்தோடும் ஓடையில் அடித்துச் செல்லப்படாதவாறு, தலைப்பிரட்டைகள் உறிஞ்சும் வாயால் பாறையைப் பற்றிக்கொள்ளும். தடுப்பணையால் ஓடை குளமாகத் தேங்கினால், ஓட்டத்திற்கென அமைந்த அவ்வாய்க்கு அங்கே வேலையில்லை.