86 டாலர் கட்டிய கணக்குப்பிள்ளை

மாதக் கடைசியில் கடன் கணக்கைக் கூட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடும் குமாஸ்தாக்கள் மாதுங்காவிலும் தாராவியிலும் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவிலும் உண்டு. 2003ஆம் ஆண்டில் டென்னஸி மாநிலத்தில் அப்படி ஒருவர் இருந்தார். வயது 27. கணக்கு எழுதும் உத்தியோகம். கிரெடிட் கார்டு கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பெயர் கிறிஸ் மணிமேக்கர், அதாவது ‘பணம் பண்ணுகிறவர்’! புனைபெயர் என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் அது அவருடைய குடும்பப் பெயர்.

வேலை முடிந்து வீடு வந்ததும் கம்ப்யூட்டரில் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடுவது அவர் வழக்கம். ஒரு நாள் 86 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் நாலாயிரம் ரூபாய், கட்டி ஒரு போட்டியில் சேர்ந்தார். அதில் ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனார். அங்கே முதல் மூன்று இடங்களுக்கு லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போட்டிக்கு அனுமதி. நான்காவது இடத்துக்கு ரொக்கம் 8,000 டாலர்.

மணிமேக்கருக்கு நான்காம் இடத்தின் மேல்தான் கண். கடனை அடைக்கலாமே! வேண்டுமென்றே தோற்று நான்காவதாக வரப் பார்த்ததைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு நண்பர் தடுத்து, உலகப் போட்டிக்குப் போகச் சொன்னார். அரை மனதோடு போனார். போட்டியில் வருவதில் ஒரு பங்கைத் தந்தைக்கு விற்றுவிட்டே புறப்பட்டார்.

ஏலச்சீட்டு மாதிரி

அந்த உலகப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். சாதாரண மனிதர் எங்கே போவார்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பத்துப் பேர் தலைக்கு ஆயிரம் டாலர் போட்டு ஆடுவது, ஜெயித்தவர் மொத்தத்தையும் கட்டணமாகக் கட்டி உள்ளே போவது. இதற்கு ‘சாட்டிலைட்’ என்று பெயர். நம்மவர்கள் கட்டும் ஏலச்சீட்டு மாதிரிதான். ஆனால் ஏலச்சீட்டில் எல்லாருக்கும் ஒரு மாதம் முறை வரும். இதில் ஒருவருக்குத்தான் வரும். இந்த வழியில் நுழைந்து உலகப் பட்டத்தை வென்ற முதல் ஆள் 1983இல் ஜெயித்த டாம் மெக்கிவாய். அவரும் முன்னாள் கணக்கர்தான்!

2003இல் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற சூதாட்ட விடுதியில் 839 பேர் உட்கார்ந்தார்கள். மணிமேக்கர் நேருக்கு நேர் மேஜையில் ஆடிய முதல் பெரிய போட்டி அது. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாக மேஜையில். இவற்றில் சிறந்த ஐந்தைச் சேர்த்துக்காட்ட வேண்டும். வில்லைகள் தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான்.

பத்துப் பேர் மிஞ்சியபோது எதிரே பில் ஐவி. கைதேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர். மணிமேக்கரிடம் மூன்று ராணிகள் சேர்ந்துவிட்டன. நான்காவது பொதுச் சீட்டாக ஒன்பது விழுந்தது. அதில் ஐவியின் கை அவரை முந்திவிட்டது. இன்னும் ஒரே ஒரு சீட்டு பாக்கி. அது ஏஸ்! மணிமேக்கர் பிழைத்தார், ஐவி வெளியேறினார். இதில் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது? அந்த ஒரு சீட்டு வேறாக இருந்திருந்தால் இந்தக் கணக்குப்பிள்ளையின் பெயரை இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

சாமர்த்தியம் பிறகு வந்தது. கடைசியில் மிஞ்சிய எதிராளி சாமி ஃபார்ஹா, பழம் தின்று கொட்டை போட்டவர். ஓர் ஆட்டத்தில் ஃபார்ஹாவிடம் ஒன்பதில் ஒரு ஜோடி இருந்தது. மணிமேக்கரிடம் ஒன்றுமே இல்லை, வெறும் ராஜாதான். ஆனாலும் முகத்தில் சலனமில்லாமல் மொத்த வில்லைகளையும் நடுவில் தள்ளினார். சுத்தப் பாவ்லா! ஃபார்ஹா யோசித்தார், யோசித்தார், கடைசியில் சீட்டைக் கவிழ்த்துவிட்டார். கையிலிருந்த சீட்டுகளை டெலிவிஷன் காமிரா காட்டியதால், மேஜையில் இருந்தவருக்குத் தெரியாதது படம் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

சிறிது நேரத்தில் ஆட்டம் முடிந்தது. பரிசு 25 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் பதினோரு கோடி ரூபாய்க்கு மேல்.

ஓடி வந்த கூட்டம்

‘அவனால் முடியுமானால் என்னால் முடியாதா?’ என்று ஊரே கிளம்பியது. 2004இல் 2,576 பேர், 2005இல் 5,619 பேர், 2006இல் 8,773 பேர். 2004இல் ஜெயித்தவர் ஒரு காப்புரிமை வக்கீல். 2005இல் ஆஸ்திரேலியாவில் முதுகெலும்பு வைத்தியம் பார்த்தவர். 2009இல் டார்வின் மூன் என்ற மரம் வெட்டும் தொழில் செய்தவர் இரண்டாமிடம் வந்து 50 லட்சம் டாலருக்கு மேல் பெற்றார். எங்கள் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள், பணம் தருகிறோம் என்று வந்த கம்பெனிகளை அவர் திருப்பியனுப்பிவிட்டார். என்னைக் கேட்டால், இந்தக் கூட்டத்தில் மனதுக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

படம் பிடிக்க வந்த காமிராக்கள் ஜெயித்தவர் பக்கமே திரும்பியிருந்தன. 2003இல் பரிசு கிடைத்தது 63 பேருக்கு. நமக்குப் பழக்கமான எண்தான், ஆனால் இந்த அறுபத்துமூவருக்குப் பின்னால் வெறுங்கையோடு போன 776 பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் வெளியே, 86 டாலர் போட்டியிலேயே பணத்தை விட்டு லாஸ் வேகாஸைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

நம் நாட்டில் செல்போனில் பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் ஆகியவற்றைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டில் நிறைவேறியது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

லாஸ் வேகாஸ் போட்டியின் கட்டணம் 1972இலிருந்து அதே 10,000 டாலர். 2024இல் அதைக் கட்டியவர்கள் 10,112 பேர். பரிசுப் பட்டியலில் இடம் பிடித்தவர்கள் 1,517 பேர். மற்ற 8,595 பேரில் எத்தனை பேர் கணக்கு எழுதுகிறவர்களோ!