"வண்டி ரிப்பேரா, ஸார்?"

சீர்காழிக்கு வருகிறவர்கள் சட்டநாதர் கோயிலைத் தரிசித்துவிட்டு, அப்படியே பஸ் ஏறி ஊர் திரும்பிவிடுகிறார்கள். இதே ஊரில் தாடாளன் கோயில் என்று ஒன்று இருக்கிறது. காழிச்சீராம விண்ணகரம் என்று திருமங்கையாழ்வார் பாடிய தலம். உள்ளே திரிவிக்கிரமப் பெருமாள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருக்கிறார். மூவுலகையும் மூன்றே அடியில் அளந்த கால்! அவருக்கு வாகனத்துக்கா பஞ்சம்? கருடன் கைகட்டிக் காத்திருக்க, அந்தக் காரியத்துக்கு மாத்திரம் சொந்தக் காலைத்தான் நம்பினார்.

அப்பேர்ப்பட்ட பெருமாளைச் சேவிக்க நான் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன், வாசகர்களே! என் வீட்டிலிருந்து அந்தக் கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டுவிட்டீர்களா? சரி, சொல்லிவிடுகிறேன். ஆறு நிமிஷ நடை. வண்டியை ரேழியிலிருந்து இறக்கி, கிளப்பி, சந்து திரும்பி, கோயில் வாசலில் நிறுத்த இடம் தேடி, பூட்டி, பூட்டினோமா என்ற சந்தேகத்தில் பாதி வழி போய்த் திரும்பி வந்து பார்ப்பதற்குள் எட்டு நிமிஷம் ஆகிவிடும்.

கோயிலுக்கு மாத்திரமா? பால் வாங்க வண்டி. தபாலாபீஸுக்கு வண்டி. நாலு வாழைக்காய் வாங்க வண்டி. ஒரு நாள் சவரம் செய்துகொள்ளப் போனவன், எதிர்ச் சாரியில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போக வண்டியைக் கிளப்பி வீதியைச் சுற்றிக்கொண்டு போனேன். சவரக் கடைக்காரர் வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

என் சிநேகிதர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் சீர்காழி மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். "இதிலென்ன ஓய் வெட்கம்? எங்கள் ஊர்ப் பிள்ளை திருஞானசம்பந்தருக்குக் கால் நோகக் கூடாதென்று சிவபெருமானே முத்துச் சிவிகை அனுப்பினார். உமக்கு ஒரு ஸ்கூட்டர் கூடாதா?" என்றார். வாஸ்தவம்தான். ஆனால் பெரிய புராணத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தேன். சம்பந்தர் அப்போது சின்னஞ் சிறு குழந்தை. தகப்பனார் தோளில் தூக்கிக்கொண்டு போனபோதும் போதாதென்று இறங்கி, பிஞ்சுக் கால்களால் நடந்து நடந்து களைத்த பிறகுதான் திருஅரத்துறையில் சிவிகை கிடைத்தது. எனக்கு வயது ஐம்பத்தாறு. என்னைத் தோளில் தூக்க யாரும் முன்வரவில்லை.

நிற்க. இந்த ஸ்கூட்டர் கணக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஊருக்குள்ளே மாத்திரம் ஒரு நாளைக்கு நாலு தடவை, தடவைக்குப் போக வர ஒரு கிலோமீட்டர். வருஷத்துக்கு 1,460 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி என்றால் 32 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 3,200 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதானே, அதிலிருந்து இரண்டே கால் கிலோ எப்படி வரும் என்று என் மகள்கூடச் சண்டைக்கு வந்தாள். பெட்ரோலில் இருக்கும் கரி, எரியும்போது காற்றிலுள்ள பிராண வாயுவையும் சேர்த்துக்கொண்டு போகிறது. அதனால்தான் எடை கூடுகிறது. ஆகமொத்தம் வருஷத்துக்கு 73 கிலோவுக்கு மேல். நெல் கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிறார்களே 40 கிலோ சிப்பம், அந்தக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு சிப்பம் புகை! நான் ஒருவன், வாழைக்காய் வாங்கின வகையில்.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொண்டேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெயை அதிகம் குடிக்கும். புகையிலுள்ள விஷத்தை வடிகட்டச் சைலன்ஸரோடு ஒரு கருவி வைத்திருக்கிறார்களே, அது நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். கிளப்பி இரண்டு தெரு போய் நிறுத்துகிறவனுடைய வண்டியில் அது சூடேறுவதற்குள் கடை வந்துவிடுகிறது. மாயவரம் வரை போகிறவனைவிட, மூலைக் கடைக்குப் போகிறவன் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் அதிக நஞ்சைத் தெருவில் விட்டுப் போகிறான்.

இதெல்லாம் சேர்ந்துதான் ஊரில் வெள்ளம் வந்ததா என்று கேட்பீர்கள். 2022-ஆம் வருஷம் நவம்பர் 11-ஆம் தேதியை எங்கள் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை! சம்பாப் பயிர் மூழ்கியது, வீட்டுக்குள் தண்ணீர், சீர்காழி, தரங்கம்பாடி தாலுகாக்களில் ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். அந்த மழையை என் ஸ்கூட்டர்தான் கொண்டு வந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சிரிப்பேன். எந்த ஒரு மழையையும் எந்த ஒரு புகையின் தலையிலும் கட்ட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவிகிதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட உண்மை. சுமக்கிறதை எங்கேயாவது இறக்கத்தானே வேண்டும்? வங்காள விரிகுடா எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் நடக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? என்னை நடக்க வைத்தவள் ஒரு கீரைக்காரக் கிழவி.

தலையில் கூடையோடு கடைத்தெரு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் போகும்போதும் நின்றாள்; மருந்து வாங்கித் திரும்பும்போதும் அதே இடத்தில் நின்றாள். வண்டியை நிறுத்தி, "என்ன பாட்டி?" என்றேன்.

"செத்த அந்தாண்ட கொண்டு விட்டுடு தம்பி. ஒருத்தரும் நிக்க மாட்டேங்கறாங்க" என்றாள்.

கையைப் பிடித்து அழைத்துப் போனேன். மறு பக்கம் போனதும் கூடையைச் சரிசெய்துகொண்டு அவள் சொன்னாள்: "முன்னெல்லாம் நாலு பேரு நடந்து வருவாங்க. அவங்களோட ஒட்டிக்கிட்டு நானும் போயிடுவேன். இப்ப நடக்கறது யாரு? நானும் இந்த மாடுந்தான்."

சுருக்கென்றது. அவள் நின்றிருந்த இடத்தில் நடைபாதை என்று ஒன்று இருந்தது. அதன்மேல் வரிசையாக ஸ்கூட்டர்கள் நின்றன. அவற்றில் ஒன்றை அரைமணி முன்பு நிறுத்தியவன் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நடக்கக் கூடியவர்கள் வண்டியேறிவிட்டால், நடப்பதைத் தவிர வேறு வழியில்லாதவர்களுக்குத் தெருவும் இல்லாமல் போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிழவிகள், கண் மங்கினவர்கள் ஆகிய இவர்கள்தான் அபராதம் கட்டுகிறார்கள். தேரை இழுத்துக்கொண்டு ஊரே நடக்க வேண்டும் என்று போட்ட வீதிகள் இவை. அங்கே ஒரு கிழவிக்குக் குறுக்கே போக இடமில்லை!

மறுநாள் முதல் நடந்தேன். அப்போதுதான் ஆரம்பித்தது தொல்லை.

"என்ன ஸார், வண்டி ரிப்பேரா?" பால்காரர் கேட்டார். தபாலாபீஸில் கேட்டார்கள். சவரக் கடைக்காரர் கேட்டார். ஒருவர், "பெட்ரோல் போட்டுக் கொடுக்கட்டுமா ஸார்?" என்று பரிவோடு பின்னால் உட்காரச் சொன்னார். மூன்றாம் நாள் என் மனைவியிடம் பக்கத்து வீட்டு அம்மாள், "மாமாவுக்கு ஏதாவது பணக் கஷ்டமா?" என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தாளாம். நம் நாட்டில் கால் இருக்கிறவன் நடந்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது!

டாக்டர் சொன்னார் என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். உடனே எல்லோருக்கும் மரியாதை வந்துவிட்டது. அது அவ்வளவு பெரிய பொய்யும் அல்ல. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்றொரு டாக்டர் இருந்தார். அந்த ஊர் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு படிகள் ஏறி இறங்குவார். ஒரே பஸ், ஒரே புகை. ஆனால் மாரடைப்பு கண்டக்டர்களுக்கு டிரைவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் வந்தது. 1953-ல் இதை வெளியிட்டார். அவர் தாமும் உடம்பை ஆட்டி அசைத்து வாழ்ந்து, 2009-ல் 99-ஆவது வயதில் காலமானார்.

எங்கள் பக்கத்தில் நடைக்கு இன்னும் மரியாதை இருக்கும் சமயம் ஒன்று உண்டு. சித்திரை மாதத்தில் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார்கள் ஆயிரக் கணக்கில் வைத்தீசுவரன் கோயிலுக்குப் பாத யாத்திரையாக வருவார்கள். சாமான் ஏற்றிய மாட்டு வண்டிகள் கூட வரும். அவர்களில் ஒருவரையும் பார்த்து யாரும் "வண்டி ரிப்பேரா?" என்று கேட்பதில்லை.

இப்படி யாத்ரீகர்கள் நடந்து வரும் ஊர் ஒன்று ஸ்பெயின் தேசத்தில் இருக்கிறது. பெயர் பொன்தேவெத்ரா. சந்தியாகோ என்ற கிறிஸ்தவ க்ஷேத்திரத்துக்குப் போர்ச்சுக்கல்லிலிருந்து நடந்து போகிறவர்கள் தங்கும் ஊர். ஜனத்தொகை எண்பதாயிரத்துச் சொச்சம். சீர்காழியைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். 1999-ல் லோரெஸ் என்ற டாக்டர் அந்த ஊர் மேயராக வந்தார். பழைய ஊரின் வீதிகளில் கார் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டார். வியாபாரம் படுத்துவிடும் என்று கூச்சல் எழுந்தது. ஆனால் நடந்து வருகிறவன்தான் கடையை நின்று பார்க்கிறான் என்பது பிறகு தெரிந்தது. 1996 முதல் 2006 வரை 30 பேர் விபத்தில் மாண்ட தெருக்களில், அடுத்த பத்து வருஷத்தில் மாண்டவர்கள் மூன்று பேர்.

அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ரயில் பாதைப் படம்போல ஊருக்கு ஒரு படம் போட்டார்கள். நடக்க எத்தனை நிமிஷம் என்பது அதில் இருக்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இத்தனை நிமிஷம் என்று எழுதிவிட்டார்கள். நம் பஸ் நிலையத்திலும் ரயிலடியிலும் இப்படி ஒரு பலகை மாட்ட எவ்வளவு செலவாகிவிடும்? வருகிற யாத்ரீகர்களில் பாதிப் பேர் ஆட்டோ பிடிப்பதற்கு முன் ஒரு தடவை யோசிப்பார்கள். (ஆட்டோக்காரர்கள் என்மேல் கோபிக்கக் கூடாது. முழங்கால் வலிக்காரர்களும் மூட்டைக்காரர்களும் என்றைக்கும் உங்களுக்குத்தான்.)

நம் ராஜ்யத்திலும் முயற்சி இல்லாமல் இல்லை. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் என்று ஒரு கொள்கை வகுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை விசாலமாக்கினார்கள். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனதும், என் மனைவி என் வண்டியில் ஏறுவதை அன்றோடு விட்டாள். நாலு தெரு நடந்து போய் பஸ் ஏறிச் செவ்வாய்க்கிழமை வைத்தீசுவரன் கோயிலுக்குப் போய் வந்துவிடுகிறாள். மாயவரத்துக்கும் சிதம்பரத்துக்கும் நான் இப்போது ரயிலில் போகிறேன். தொலைவுக்கு வண்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கால் போதும் என்கிற தூரத்துக்கு எஞ்சின் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

வெயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் அயோக்கியன். சித்திரை வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் எங்கள் தெருவில் நடப்பது தண்டனை. வெள்ளைக்காரன் ஊர்ப் பாடம் அங்கே பலிக்காது. காலை எட்டுக்குள் ஒரு தரம், சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஒரு தரம் என்று வேலைகளைச் சேர்த்து முடிக்கப் பழகினேன். குடையைப் பிடித்துக்கொண்டேன். மழைநாளில் சாக்கடை மூடி எங்கே இல்லை என்பதும், எந்தச் சந்து நாய்க்கு என்னைப் பிடிக்கவில்லை என்பதும் மனப்பாடம். நிழலுக்கு வேம்பும் புங்கனும் வைக்கச் சொல்லி எங்கள் தெருக்காரர்கள் மனுக் கொடுத்திருக்கிறோம். இரண்டு கன்று வந்திருக்கிறது. ஒன்றை ஆடு தின்றுவிட்டது.

ஸ்கூட்டர் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ரேழியில் நின்று நின்று அதன் பாட்டரி போய்விட்டது. மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். வழியில் பால்காரர் பார்த்தார். "வண்டி ரிப்பேரா, ஸார்?" என்றார். இந்தத் தடவை தலைநிமிர்ந்து, "ஆமாம்!" என்றேன்.

காலை ஏழு மணிக்குக் கடைத்தெரு ஓரத்தில் இப்போது நாங்கள் நாலு பேர் சேருகிறோம்: நான், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், அவர் பேத்தி, சவரக் கடைக்காரர். நாலு பேர் சேர்ந்து இறங்கினால் மோட்டார் சைக்கிள்காரன் கொஞ்சம் பிரேக்கைத் தொடத்தான் செய்கிறான். கிழவி கூடையோடு நடுவில் புகுந்துகொள்வாள். நேற்று நான் இரண்டு நிமிஷம் தாமதமாகப் போனேன். எதிர்ப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்ட அவள் அங்கிருந்தே கையை ஆட்டி, "இரு தம்பி, தனியா வராதே! அடுத்தாப்பல யாராச்சும் வருவாங்க" என்று சத்தம் போட்டாள்.