அத்திப்பட்டுக்கு அப்பால் நீர்ப்பட்சிகள்

அத்திப்பட்டு என்றதும் நம்மில் பலருக்கு அனல் மின் நிலையத்தின் நெடிய புகைபோக்கிகளும், நிலக்கரியும், சாம்பலுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிழக்கே, கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து கடலில் கலக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாயின் கரையோடு வடக்கே சென்றால் பழவேற்காடு ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. ஒடிசாவிலுள்ள சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்ததும், வட ஆசியாவின் உறைபனிக்குத் தப்பி ஊசிவால் வாத்தும், தட்டைவாயனும், நீலச்சிறகியும் கூட்டங்கூட்டமாக இவ்வேரிக்கு வந்து சேர்கின்றன. பூநாரைகளும், கூழைக்கடாக்களும், உள்ளான்களும் அவற்றோடு கலந்துகொள்கின்றன.

முற்காலத்தில் இந்தப் பட்சிகளைத் தேடிப் புறப்பட்ட துரைமார்களின் கையில் துப்பாக்கி இருந்தது. சுட்டு வீழ்த்திய வாத்துக்களை வரிசையாகக் கிடத்தி எண்ணிப் பார்ப்பதே அவர்களுக்குப் பெருமை. 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் வந்த திருத்தங்களும் அந்த விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தன. இப்போது குறி பார்ப்பவர்கள் ஏந்துவது காமிரா. வேட்டைக்காரனுக்கு வேண்டிய சாமர்த்தியம் அத்தனையும் இதற்கும் வேண்டும். பட்சி மட்டும் உயிரோடு பறந்து போகும்.

முதலில் வேண்டியது பொறுமை. விடியுமுன்னரே போய், மங்கலான நிற உடையுடன் அசையாமல் அமர்ந்துவிட வேண்டும். நாம் பட்சியை நெருங்குவதைவிட, பட்சி நம்மை நெருங்க விடுவதே சிறந்தது. நின்றுகொண்டு எடுக்கும் படத்தில் வாத்தின் முதுகுதான் தெரியும். காமிராவை நீர்மட்டத்தின் அளவுக்குத் தாழ்த்தினால் அதன் கண்ணும் முகமும் தெரியும். சூரியன் நம் முதுகுப் புறம் இருப்பது நலம். பட்சிகள் காற்றை எதிர்த்தே எழும்புமாதலால், காற்றும் நம் முதுகுப் புறமிருந்து வீசினால் அவை பெரும்பாலும் நம்மை நோக்கியே கிளம்பும்.

பட்சியின் சுபாவத்தை அறிந்துகொள்வது, விலையுயர்ந்த லென்ஸ் வாங்குவதைவிட அதிகப் பயன் தரும். ஊசிவால் வாத்து தலையை நீரில் அமிழ்த்தி, வாலை உயர்த்திக்கொண்டு இரை தேடும். வெருண்டால் இருந்த இடத்திலிருந்தே ஜிவ்வென்று மேலே கிளம்பும். நாமக்கோழியோ நீரின்மேல் தடதடவென்று சிறிது தூரம் ஓடிய பிறகே எழும்பும். ஆண் வாத்துக்கள் வந்த புதிதில் பெட்டைகளைப் போலவே மங்கிய நிறத்தோடு இருக்கும். தை மாதத்தில்தான் அவற்றை முழு அலங்காரத்தில் காணலாம்.

பறக்கும் படம் வேண்டுமென்பதற்காகக் கல்லெறிவதும் கைதட்டுவதும் பெரிய அக்கிரமம். திரும்பிச் செல்லும் நெடும் பிரயாணத்துக்காக அவை தேகத்தில் சேர்த்து வைக்கும் கொழுப்பு, வீணாகப் பறக்கும் ஒவ்வொரு தடவையும் கரைந்து போகிறது.

இங்கிலாந்தில் கீர்ட்டன் சகோதரர்கள், பட்சிகளுக்குத் தெரியாமல் படம் எடுப்பதற்காக ஒரு பொய் எருதைச் செய்து அதன் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டார்களாம்! நம் சென்னையிலும் ஒரு மேதை இருந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே நம் நாட்டுக் காட்டுயிர்களின் அழகைக் காட்டினார். 1950 முதல் இறுதிநாள் வரையில் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதி வந்தார். தமிழிலும் அருமையாக எழுதினார். கவனித்துப் பார்ப்பது முதல் வேலை, படம் எடுப்பது அதற்குப் பின்பே என்பதை அவர் வாழ்க்கையிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்து, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. அவர்களுடைய பிழைப்பு நின்றது. கூழைக்கடாக்களின் வெண்சிறகுகளிலும் எண்ணெய் அப்பியது. இறகிழைகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பின்னியிருப்பதால்தான் நீர்ப்பட்சியின் உடல் நனையாமலும் வெப்பம் குறையாமலும் இருக்கிறது. எண்ணெய் பட்டால் அந்தப் பின்னல் குலைந்துவிடும். பட்சி நனைந்து நடுங்கும். அலகால் கோதும்போது விஷமும் வயிற்றுக்குள் போகும். கறைபட்ட அந்தப் பறவைகளின் படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. எங்கோ ஒரு மூலையில் நடந்ததாகத் தோன்றியது வீடுதோறும் பேச்சாயிற்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது.

ஆகவே படம் எடுக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அழகான படத்தோடு நின்றுவிடாமல், எடுத்த தேதி, இடம், பட்சியின் பெயர், ஏறத்தாழ எத்தனை இருந்தன என்பதையும் குறித்து வையுங்கள். 1987 முதல் ஆசிய நாடுகளில் ஜனவரிதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. அதில் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கலந்துகொள்ளலாம். மின்சாரமும் துறைமுகமும் தேசத்துக்கு வேண்டியவையே. உவர்நிலமும் மீனும் பறவையும் அவ்வாறே வேண்டியவை. நாளைக்கு யாராவது, “இங்கே பறவை ஏது? இது வெறும் தரிசு நிலந்தானே?” என்று கேட்டால், வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தேதியிட்ட படம் ஒன்றை எடுத்துக் காட்டினால் போதும்.